பிறர் ஏட்டில் எழுதும் உரிமை

நம் துறையின் கணிப்பொறியொன்றில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கின்றன. ஒன்று விண்டோஸ், மற்றொன்று லினக்ஸ். வன்தட்டு ஒன்றே, அதனை இரு பிரிவுகளாக வகுத்து, ஒவ்வொரு தளத்திற்கும் ஒரு பிரிவு அளிக்கப்பட்டுள்ளது. ஒரே மனையில் இரு சகோதரர் தடுப்புச் சுவர் எழுப்பி வாழ்வது போன்ற ஏற்பாடு இது. இத்தகைய ஏற்பாடு மாணவர்க்குப் புதிதன்று. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பெற்ற கணினிகளுள் பல, விண்டோசையும், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சையும் ஒருங்கே தாங்கி வந்தவையே.

பழைய தமிழ் அச்சு நூல்களைப் படமெடுத்து, டெசரெக்ட் என்னும் எழுத்துணரி மென்பொருளால் அவற்றை எழுத்துகளாக மாற்றும் பணியை நாம் லினக்ஸ் பக்கத்திலிருந்து செய்துவந்தோம். ஆனால் அவற்றை மெய்ப்புப் பார்க்கும் பேராசிரியர்கள் அனைவரும் விண்டோசில் மட்டுமே பழகியவர்கள். ஆதலின் லினக்சில் அமர்ந்தவாறே விண்டோசின் பிரிவில் உள்ள அடைவொன்றில் கோப்புகளை எழுதிவைக்க வேண்டிய தேவை எழுந்தது. தொடக்கத்தில் எல்லாம் செவ்வனே நடந்தது. ஒருநாள் காலையில், "இது படிப்பதற்கு மட்டும் உரிய கோப்பு முறைமை" என்னும் பொருள்படும் ஆங்கில வாசகம் ஒன்று திரையில் தோன்றி, எழுத்தை மறுத்துவிட்டது. நேற்றுவரை எழுத விட்டது இன்று ஏன் மறுக்கிறது என்னும் வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

வன்தட்டில் செய்திகளை அடுக்கிவைக்கும் ஒழுங்குமுறைக்குக் கோப்பு முறைமை என்று பெயர். விண்டோஸ் இன்று பயன்படுத்தும் முறைமை என்டிஎஃப்எஸ் எனப்படும். இது 1993-ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் என்டி 3.1 பதிப்புடன் அறிமுகமாயிற்று. லினக்ஸ் பெரும்பாலும் பயன்படுத்துவது எக்ஸ்ட்4 என்னும் முறைமை. இரண்டும் வெவ்வேறு இலக்கணம் உடையவை. ஒரு தளம் மற்றதன் பிரிவினுள் நுழைய வேண்டுமாயின், அம்முறைமையின் இலக்கணத்தை அறிந்த இயக்கி என்னும் இடைநிலை மென்பொருள் தேவை.

நம் கல்லூரி நூலகத்தை நினைத்துப் பார்த்தால் இவ்விலக்கணம் எளிதில் விளங்கும். நூலகத்தில் ஒரு நூலைப் படிக்க விரும்புவோர் செய்யவேண்டியது சிறிதே: அட்டையைப் பார்ப்பது, அலமாரியை அடைவது, நூலை எடுப்பது. ஆனால் புதிய நூல் ஒன்றைச் சேர்ப்பவர் வரவுப் பதிவேட்டில் எண்ணிட வேண்டும். ஆசிரியர் அட்டையும் தலைப்பு அட்டையும் எழுதி உரிய இடத்தில் செருக வேண்டும். அலமாரியில் வெற்றிடம் கண்டு நூலை வைக்க வேண்டும். அவ்விடம் நிரம்பியது என்று குறிக்கவும் வேண்டும். இந்நான்கில் ஒன்று பிழைப்பினும் நூல் இருந்தும் இல்லாததாகும். அல்லது ஒரே இடத்தில் இரு நூல்கள் எனக் கணக்கு குழம்பும்.

என்டிஎஃப்எஸ் முறைமையிலும் இவை அனைத்தும் உண்டு. தலைமைக் கோப்பு அட்டவணை என்பது அதன் வரவுப் பதிவேடு. ஒவ்வொரு கோப்பிற்கும் அதில் ஒரு பதிவு உண்டு. ஒரு பதிவின் அளவு வழக்கமாக 1024 பைட்டு. முதல் 16 பதிவுகள் முறைமையின் சொந்தக் கணக்குகளுக்கென ஒதுக்கப்பட்டவை. அவற்றுள் முதல் நான்கிற்கு மட்டும் வட்டில் வேறோரிடத்தில் படியெடுத்து வைக்கப்படுகிறது. மூல ஏடு சிதைந்தாலும் படி எஞ்சட்டும் என்னும் நம் முன்னோர் எண்ணமே அங்கும் காணப்படுகிறது. எந்தெந்த இடம் நிரம்பியது, எது வெற்றிடம் என்று காட்டும் வரைபடக் கோப்பு ஒன்று. செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்ளும் நாட்குறிப்புக் கோப்பு ஒன்று. இடையில் ஒரு வியப்பையும் சொல்லிவிடலாம். மிகச் சிறிய கோப்பாயின் அது தன் பதிவுக்குள்ளேயே அடங்கிவிடும். குறட்பா ஒன்றைத் தட்டச்சிட்டுத் தனிக் கோப்பாகச் சேமித்தால், அது அலமாரிக்குப் போவதே இல்லை. பதிவேட்டின் பக்கத்திலேயே தங்கிவிடுகிறது.

இந்த இலக்கணத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முழுமையாக நூலாக்கி வெளியிடவில்லை. லினக்ஸ் அறிஞர்கள் வட்டில் கிடந்த பைட்டுகளை ஒவ்வொன்றாக நோக்கி, இன்னது இன்னதைக் குறிக்கும் என்று உய்த்துணர்ந்தனர். பெயர் தெரியாத எழுத்தில் அமைந்த கல்வெட்டைப் படித்தறிவோரின் உழைப்பிற்கு இது சற்றும் குறைந்ததன்று. மார்ட்டின் ஃபான் லோவிஸ் என்பாரின் இயக்கி 1997-ஆம் ஆண்டின் இறுதியில் லினக்சின் உட்கருவில் இடம்பெற்றது. படிக்கும் திறன் அதற்கு நன்கு வாய்த்தது. எழுதும் திறனோ, உட்கருவை அமைக்கும் பட்டியலிலேயே "ஆபத்தானது" என்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் குறிக்கப்பட்டிருந்தது. தம் படைப்பைப் பற்றி இவ்வாறு எழுதிவைக்கும் நேர்மை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை.

படித்தலுக்கும் எழுதுதலுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகிறது. ஓலைச்சுவடியைப் படிப்பவன் ஓர் எழுத்தைத் தவறாகப் படித்தால் தவறு அவனோடு நிற்கும். சுவடி அப்படியே இருக்கும். நாளை மற்றொருவர் வந்து திருத்தமாகப் படித்துக்கொள்ளலாம். பெயர்த்தெழுதுவோன் பிழைத்தாலோ பின்வருவோர் அனைவரும் அப்பிழையையே பாடமாகக் கொள்வர். பதிப்புத் துறையில் பாடபேதம், இடைச்செருகல் ஆகியவற்றோடு போராடியவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. கணிப்பொறியிலும் இலக்கணத்தை ஓரளவே அறிந்த இயக்கி படிக்கத் துணியலாம். எழுதத் துணிதல் தகாது.

பின்னர் அன்டன் அல்டாபர்மகோவ் என்பார் அவ்வியக்கியைப் புதிதாக எழுதினார். 2003-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த லினக்ஸ் 2.6 உட்கருவில் அமைந்த அப்புதிய இயக்கி, எழுதுவதற்கு ஒரு விந்தையான எல்லை வகுத்துக்கொண்டது. ஏற்கெனவே உள்ள கோப்பின் உள்ளடக்கத்தை மாற்றலாம். ஆனால் அதன் நீளம் கூடவோ குறையவோ கூடாது. புதுக்கோப்பு படைத்தலும் பழையதை அழித்தலும் இயலா. ஏட்டில் ஒரு சொல்லைச் சுரண்டி, அதே எண்ணிக்கையுள்ள எழுத்துகளாலான வேறு சொல்லை எழுதலாம் என்பது போன்றது இது. நீளம் மாறாதவரை பதிவேட்டையும் வெற்றிட வரைபடத்தையும் தொட வேண்டியதில்லை என்பதே காரணம். அதே காலப்பகுதியில் யான் க்ராடோக்வில் என்பார் மற்றொரு வழி கண்டார். இலக்கணத்தைக் கற்பதை விட்டு, விண்டோசின் சொந்த இயக்கிக் கோப்பையே கொணர்ந்து லினக்சில் ஓடச் செய்தார். உள்ளூர் எழுத்தரையே அழைத்துவந்து எழுதச் சொல்வதற்கு நிகரானது. ஆனால் மெல்லவே நடந்தது.

முழுமையான எழுத்துரிமை 2007-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சபோல்ச் சகாசிச் என்பாரின் என்டிஎஃப்எஸ்-3ஜி என்னும் இயக்கியின் முதல் நிலையான பதிப்பால் கைகூடியது. அது உட்கருவினுள் நுழையாமல் வெளியே நின்று இயங்குவது. பிழை நேரினும் கணிப்பொறி முழுதும் நிலைகுலையாது. 2020-இல் பாராகன் என்னும் நிறுவனம் தன் இயக்கியை லினக்ஸ் உட்கருவிற்கு அளிக்க முன்வந்தது. ஓராண்டுக்கு மேற்பட்ட ஆய்வுக்குப் பின் 2021-ஆம் ஆண்டு அக்டோபரில் வெளிவந்த 5.15 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. என்டிஎஃப்எஸ் பிறந்து ஏறத்தாழ 28 ஆண்டுகள் கழிந்த பின்னரே, எழுதவும் முழுமையாக வல்ல இயக்கி உட்கருவினுள் அமர்ந்தது என்பது நினைக்கத்தக்கது.

இயக்கி இவ்வளவு தேர்ந்தபின்பும் அன்று காலையில் எழுத்து ஏன் மறுக்கப்பட்டது? இதற்குரிய விடையை நாம் இழப்பின் வழியாகவே கற்றோம்.

முந்தைய மாலை, நம் துறையின் மூத்த பேராசிரியர் ஒருவர் அக்கணிப்பொறியில் அமர்ந்து, பதிப்பிக்கவிருந்த நூலுக்கு முன்னுரை எழுதிக்கொண்டிருந்தார். ஒற்றை விரலால் தட்டச்சிடும் பழக்கமுடையவர். நோட்பேடில் மூன்று பக்க அளவு எழுதியிருந்தார், சேமிக்கவில்லை. மின்தடை ஏற்பட்டு யுபிஎஸ் ஒலியெழுப்பவே, அருகிலிருந்தோர் சொன்னபடி 'ஹைபர்னேட்' என்னும் உறக்கநிலைப் பொத்தானை அழுத்திவிட்டு வீடு சென்றார். இதில் அவர் பிழை ஏதுமில்லை. உறக்கநிலை என்பது, திறந்திருக்கும் யாவற்றையும் நினைவகத்திலிருந்து எடுத்து ஒரு பெருங்கோப்பில் மூட்டையாகக் கட்டி வன்தட்டில் வைத்து, மறுநாள் அப்படியே விரித்துத் தருவதற்காகவே அமைந்தது.

மறுநாள் காலை நாம் வந்து, விண்டோசைத் தொடாமல் நேரே லினக்சைத் திறந்தோம். எழுத்து மறுக்கப்பட்டது. உடனிருந்த முதுகலை மாணவர், "ஐயா, விண்டோஸ் உறக்கத்தில் இருக்கிறது. ஒருமுறை அதை எழுப்பி, முறையாக அணைத்துவிட்டு வந்தால் எழுதவிடும்" என்றார். அப்பழைய பொறி எழுந்து அடங்கப் பத்து நிமிடம் ஆகும். நமக்கோ அடுத்த மணியில் வகுப்பு. உறக்கநிலைக் கோப்பை நீக்கிவிட்டு வலிந்து எழுதுரிமை பெறும் விருப்பக்கூறு ஒன்று அவ்வியக்கியில் உண்டு என்று படித்திருந்தோம். சேமித்து வைக்கப்பட்ட விண்டோஸ் அமர்வு முற்றிலும் அழிந்துபோகும் என்று அவ்வியக்கியின் கையேடே எச்சரிக்கிறது என்பதை அன்று பொருட்படுத்தவில்லை. கட்டளையை இட்டோம். எழுத்துரிமை உடனே கிட்டியது. மகிழ்ந்தோம்.

பிற்பகல் பேராசிரியர் வந்து விண்டோசைத் திறந்தார். அது உறக்கத்திலிருந்து எழவில்லை; புதிதாகப் பிறந்தது. முன்னுரை இல்லை. நடந்ததைச் சொன்னபோது அவர் சினக்கவில்லை. "தம்பி, கேட்டிருக்கலாமே" என்று மட்டும் கூறினார். அடுத்த வாரம் மீண்டும் எழுதித் தந்தார். முதல் வடிவில், தம் ஆசிரியரிடம் ஒரு சுவடியை முதன்முதலாகக் கையில் வாங்கிய நாளைப் பற்றி ஒரு பகுதி இருந்ததாம். இரண்டாம் வடிவில் அது இல்லை. அச்சேறிய நூலிலும் இல்லை.

அன்று இயக்கி மறுத்ததன் காரணத்தை நூலக உவமையிலேயே கூறலாம். நூலகர் பதிவேட்டில் பாதி எழுதியும் மீதியை மனத்தில் வைத்தும் உணவுக்குச் சென்றிருக்கிறார். அவர் மனத்தில் இருப்பதே இப்போதைய உண்மைக் கணக்கு. ஏட்டில் இருப்பது பழையது. அவர் இல்லாத வேளையில் வேறொருவர் வந்து, ஏட்டில் வெற்றிடம் என்று கண்ட அலமாரியில் தம் நூலை வைத்து எழுதினால், திரும்பி வரும் நூலகர் அதனை அறியார். தம் மனத்தில் உள்ள கணக்கை ஏட்டின்மேல் எழுதிவிடுவார். இருவர் நூலும் கெடும். ஆகவே விண்டோஸ் உறங்கும்போது படிக்க மட்டும் விட்டு எழுத்தைத் தடுப்பது அப்பிரிவில் உள்ள அனைவர் கோப்புகளையும் காப்பதற்கே. நூலகர் மனத்தில் இருந்ததை அழித்துவிட்டு ஏட்டைக் கைப்பற்றியதே நாம் செய்த செயல்.

நாம் வேண்டுமென்றே உறக்கநிலையை அழுத்தாவிடினும் இத்தடை நேரலாம் என்பதை மாணவர் அறிந்திருத்தல் நலம். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதலாக 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்னும் விரைவுத் தொடக்க ஏற்பாடு உள்ளது. இதன்படி, 'ஷட் டவுன்' என்று அழுத்தினாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. பயனாளரின் அமர்வை மூடிவிட்டுத் தன் உட்கருவை மட்டும் உறங்கவைக்கிறது. அடுத்தமுறை விரைந்து எழுவதற்காக. அணைத்துவிட்டோம் என்று நாம் எண்ணுகிறோம்; அது அரைத்தூக்கத்தில் இருக்கிறது. சொல்லுக்கும் பொருளுக்கும் இத்தனை இடைவெளி வைத்துவிட்டு, அதனைப் பயனாளருக்குத் தெளிவாகச் சொல்லாமலும் விட்டது நமக்கு உடன்பாடன்று. 'ரீஸ்டார்ட்' செய்தால் அவ்வாறில்லை. அப்போது முழுதாக அடங்கியே எழும். ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு 'ஷட் டவுன்' செய்தாலும் முழுமையாக அணையும். நிலையாக நிறுத்த விரும்புவோர் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் விரைவுத் தொடக்கத்தின் குறியை நீக்கிவிடலாம்.

மின்தடையால் விண்டோஸ் திடீரென நின்றுபோனாலும் பிரிவின்மேல் 'அழுக்கு' என்னும் பொருள்படும் குறி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்போதும் எழுத்து மறுக்கப்படலாம். விண்டோசைத் திறந்து 'செக்டிஸ்க்' சோதனையை ஓடவிடுவதே முறையான மருந்து. லினக்சில் 'என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்' என்றொரு கருவி உண்டு; பெயர் எல்லாவற்றையும் பழுதுபார்ப்பது போல ஒலிப்பினும், அது சில அடிப்படை முரண்களைச் சரிசெய்து, நாட்குறிப்பை வெறுமையாக்கி, விண்டோஸ் திறக்கும்போது சோதனை நடக்குமாறு குறித்துவைப்பதோடு நின்றுவிடும்.

மற்றொரு மறுப்பும் உண்டு. அதனை இதனோடு குழப்பிக்கொள்வோர் பலர். திரையில் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் பிரிவு முழுவதற்கும் பூட்டு. 'பெர்மிஷன் டினைடு' என்று வந்தால் பிரிவு திறந்தே உள்ளது. ஆனால் நமக்கு உரிமை தரப்படவில்லை. விண்டோசின் பயனாளரை லினக்ஸ் அறியாது. ஆகவே இணைக்கும்போது அப்பிரிவில் உள்ள கோப்புகள் யாவும் இன்னாருக்கு உரியவை என்று நாமே குறித்துத் தரவேண்டும். 'எஃப்ஸ்டேப்' என்னும் அமைவுக் கோப்பில் பயனாளர் எண்ணையும் குழு எண்ணையும் எழுதிவைத்தால் இது தீரும். முதல்வகை மறுப்பிற்கு இம்மருந்தை இடுவது வீண்.

அண்மைக்காலக் கணிப்பொறிகளில் பிட்லாக்கர் என்னும் மறைகுறிப் பூட்டும் சேர்ந்துவிட்டது. பிரிவு முழுதும் புரியாத குறிகளாக மாற்றப்பட்டிருப்பதால் திறவுகோல் இன்றிப் படிக்கவும் இயலாது. விண்டோஸ் தரும் 48 இலக்க மீட்பு எண்ணை எழுதி வைத்திருப்போர்க்கு லினக்சிலிருந்தும் வழி உண்டு. 2020-இல் வந்த கிரிப்ட்செட்டப் 2.3 பதிப்பு இதனை இயல்வித்தது. எழுதி வைக்காதோர் கணிப்பொறி பழுதானபின் வருந்துவதில் பயனில்லை.

தமிழாசிரியர்க்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. விண்டோஸ் பிரிவில் கோப்பின் பெயர் 255 குறியலகுகள்வரை இருக்கலாம். லினக்சின் எக்ஸ்ட்4 முறைமையிலோ 255 பைட்டுகளே எல்லை. யூனிகோடு யூடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு கொள்ளும். எனவே 85 குறிகளோடு இடம் தீர்ந்துவிடும். தொல்காப்பியம் என்னும் சொல் நம் கணக்கில் ஏழெழுத்து. கணிப்பொறியின் கணக்கில் ஒற்றுக்கும் உயிர்க்குறிக்கும் தனித்தனி இடம் என்பதால் 13 குறிகள், 39 பைட்டுகள். நூற்பெயர், ஆசிரியர், உரையாசிரியர், பதிப்பாண்டு எல்லாவற்றையும் கோப்பின் பெயராகவே இட்டுவைக்கும் நம்மவர் வழக்கத்தால், விண்டோசில் இருந்த கோப்பு லினக்சிற்குப் பெயர மறுத்ததை நாம் கண்டிருக்கிறோம். மறுதலையாக, லினக்சில் இருந்துகொண்டு வினாக்குறியோ முக்காற்புள்ளியோ கலந்த பெயரை விண்டோஸ் பிரிவில் இட்டுவிட்டால், பின்னர் விண்டோஸ் அக்கோப்பைத் திறக்க மாட்டாது. அக்குறிகள் அதற்கு விலக்கப்பட்டவை. 'உரையாசிரியர் யார்?' என்று பெயரிட்ட கட்டுரை ஒன்று இவ்வாறே சில நாள் நம்மிடம் சிறைப்பட்டுக் கிடந்தது.

இன்று நம் துறைக் கணிப்பொறியில் மூன்றாவது பிரிவு ஒன்று வகுத்துள்ளோம். பொதுக் கோப்புகள் யாவும் அதிலேயே. விண்டோசின் சொந்தப் பிரிவை லினக்ஸ் படிக்கும், எழுதாது, அவ்வாறே நாம் அமைத்துவிட்டோம். விரைவுத் தொடக்கம் நிறுத்தப்பட்டுள்ளது. வீட்டிலிருந்து மேக் கணிப்பொறி கொணரும் மாணவர்களும் உள்ளனர்; மேக் என்டிஎஃப்எஸ் பிரிவைப் படிக்குமேயன்றித் தன்னியல்பில் எழுதாது. ஆதலின் அவர்களுக்குத் தரும் பென் டிரைவ்களை எக்ஸ்ஃபேட் முறைமையில் அமைத்திருக்கிறோம். மைக்ரோசாஃப்ட் 2019-இல் அதன் விவரத்தை வெளியிட்ட பிறகு லினக்சிலும் அது தடையின்றி எழுதப்படுகிறது. நாட்குறிப்புக் காப்பு அதற்கு இல்லாமையால், எழுதி முடியும் முன்னர்ப் பிடுங்கினால் கோப்பு கெடும்.

திரையின் மேல்விளிம்பில் ஒரு சீட்டும் ஒட்டியிருக்கிறோம். "உறங்கவைக்க வேண்டா, சேமித்து அணைத்துச் செல்க. திறந்திருப்பது எவருடையது என்று கேட்டபின் மூடுக." கையெழுத்து அம்மூத்த பேராசிரியருடையது.